புல்லின் வேரில் ஒரு புழு

வீட்டின் முன்புறம் ஒரு சென்ட் நிலம் மிஞ்சினால் அதில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைப்பதே நம் முன்னோர் வழக்கம். இன்று அவ்விடத்தில் பசும்புல் விரித்து அழகு பார்க்கும் வழக்கம் நகரங்களைத் தாண்டி நம் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. இதனை நாம் குறைகூற முன்வரவில்லை. வெயிலில் வந்தவருக்குப் புல்லின் பசுமை கண்ணுக்குக் குளிர்ச்சி. தவழும் குழந்தைக்கு அது தாயின் மடிக்கு அடுத்த மெத்தை. ஆயினும் பச்சை விரிப்பின் மேல் நடக்கின்ற நாம், அதன் அடியில் நடப்பதை அறிவதில்லை. அறியாததால் சிலர் தங்கள் புல்லை இழக்கின்றனர். வேறு சிலர் புல்லைவிட மிகப் பெரியவற்றை இழக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றனர். இப்பக்கங்களில் இதைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

ஆவணி, புரட்டாசி மாதங்களில் நாம் இல்லச் சந்திப்புக்குச் செல்லும்போது ஒரே கேள்வியைப் பல வாசல்களில் கேட்கிறோம். “சாமி, தண்ணீருக்குக் குறைவில்லை, உரமும் இட்டோம். இருந்தும் புல் திட்டுத் திட்டாகப் பழுத்துக் காய்கிறதே, ஏன்?” குருவானவரிடம் இக்கேள்வி கேட்பதேன் என்று வாசகர்கள் வியக்கலாம். நாம் குருமடம் புகுமுன் குடியானவர் வீட்டுப் பிள்ளை என்பது பங்குமக்கள் அறிந்த செய்தி. நம் தந்தையார் மூன்று ஏக்கர் செம்மண் மானாவாரி நிலத்தில் நிலக்கடலை பயிரிட்டவர். கடலைச் செடி வாடி நிற்கும். பிடித்து இழுத்தால் எதிர்ப்பின்றிக் கையோடு வரும். ஆணிவேர் இருந்த இடத்தில் ஒன்றுமிராது. மண்ணைக் கிளறினால் வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு ஒன்று கிடக்கும். அன்று கடலை வேரைத் தின்ற அதே இனத்துப் புழுவே இன்று வாசற்புல்லின் வேரைத் தின்கிறது.

எதிரியின் வாழ்க்கை

இதனை வெள்ளைப் புழு என்றும் வேர்ப்புழு என்றும் நம் உழவர் அழைப்பர். பழுப்பு நிறத் தலை, மார்பில் மூன்று இணைக் கால்கள், பிறைபோல் வளைந்த வெண்ணிற உடல் ஆகியவை இதன் அடையாளங்கள். இது ஒருவகை வண்டின் இளமைப் பருவம். தமிழகத்துச் செம்மண் நிலங்களில் மிகுதியாகக் காணப்படும் வகையை அறிவியலார் ஹோலோடிரைக்கியா செர்ராட்டா என்பர்.

சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து மண் நனைந்ததும், அதுவரை மண்ணுள் அடங்கியிருந்த வண்டுகள் அந்தி மயங்கும் வேளையில் கூட்டங்கூட்டமாக மேலெழும். வேம்பு, முருங்கை, கருவேலம், இலந்தை முதலிய மரங்களை நாடிச் சென்று, இரவெல்லாம் இலை தின்று, இணைசேர்ந்து, விடியுமுன் மீண்டும் மண்ணுள் மறைந்துவிடும். பெண்வண்டு மண்ணில் முட்டையிடும். பத்து நாள் அளவில் முட்டை பொரிந்து சிறு புழு வெளிவரும். முதலில் மட்கிய பொருளையும் மெல்லிய வேர்களையும் தின்னும் அது, இருமுறை தோலுரித்து மூன்றாம் பருவம் எய்தியதும் பெருந்தீனி தின்னத் தொடங்கும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நம் புல் காய்வது இதனாலேயே. பின்னர் ஆழத்தில் ஒரு மண்ணறை அமைத்துக் கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறி, அடுத்த ஆண்டின் முதல் மழைக்காகக் காத்திருக்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான்.

இவ்வாழ்க்கை வரலாற்றை நாம் விரித்துக் கூறுவது வெறும் அறிவுக்காக அன்று. புல் காய்வதைக் கண்ணால் காணும் நாளில் எதிரி முழு வளர்ச்சி பெற்றுவிட்டது; மருந்துக்கும் எளிதில் அசையாது. அது எளிதில் அகப்படுவது ஆண்டில் இரண்டே வேளைகளில். ஒன்று, வண்டாக மரத்தில் வந்தமரும் அந்திப்பொழுது. மற்றொன்று, முட்டையிலிருந்து வெளிவந்த முதற் சில வாரங்கள். அவ்விரு வேளைகளையும் உறக்கத்தில் கழித்துவிட்டுப் புரட்டாசியில் பதறுவதே பெரும்பாலோர் நிலை.

முதலில் தோண்டிப் பாருங்கள்

பழுத்த புல்லெல்லாம் புழு தின்ற புல் அன்று. கட்டடம் கட்டிய காலத்தில் புதைத்த செங்கற்சல்லி அடியில் இருந்தாலும் புல் காயும். நாயின் சிறுநீர் பட்ட இடம் வட்டமாகக் கருகும். சுற்றிலும் கரும்பச்சை விளிம்பு தோன்றும். உரம் ஓரிடத்தில் மிகுந்து விழுந்தாலும், வெட்டும் கருவி புல்லை அடியோடு மழித்தாலும் இதே நிறந்தான். ஆகவே காய்ந்த திட்டுக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட எல்லையில் ஓரடிச் சதுரத்தைத் தேர்ந்து, மூன்று பக்கம் வெட்டி, பாயைச் சுருட்டுவதுபோல் புல்லை மடித்துப் பாருங்கள். வேரற்ற புல் தானே சுருண்டு வரும். நான்கு விரற்கடை ஆழம் வரை மண்ணைக் கிளறிப் புழுக்களை எண்ணுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் நன்கு நீர் பெறும் புல்தரை அதனைத் தாங்கிக்கொள்ளும். எதுவும் செய்ய வேண்டுவதில்லை. ஐந்தாறுக்கு மேல் இருந்தால் செயல் வேண்டும்.

வெள்ளைப் புழுக்களிலும் வேறுபாடு உண்டு. எருக்குழியில் கட்டைவிரல் பருமனுக்குக் கிடப்பது தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு. அது மட்கிய பொருளைத் தின்பதேயன்றிப் புல்லின் உயிர்வேரைத் தொடுவதில்லை. மட்குக் குவியலில் வாழும் பூவண்டின் புழுவை நிலத்தில் விட்டால், கால்களை வானோக்கி நீட்டி, முதுகால் ஊர்ந்து செல்லும். அதுவும் புல்லுக்குப் பகையன்று. மட்கு உருவாக உதவும் ஏழைத் தொழிலாளி.

மண் மெத்தென்று மேடுகட்டி, விரற்கடை அகலத்தில் வளைகள் ஓடினால் அது பிள்ளைப்பூச்சியின் வேலை. குருமடத்தில் உடலுழைப்பு வேளையில் எமக்கு மேற்பார்வையாக இருந்த முதிய தோட்டக்காரர் ஒரு வாளி நீரில் இரண்டு கரண்டி சோப்புக் கரைசலைக் கலந்து, ஒரு முழச் சதுரத்தில் ஊற்றிவிட்டு அமைதியாக நிற்பார். சில நிமிடங்களில் பிள்ளைப்பூச்சிகள் மூச்சுமுட்டி மேலே வரும். இலைகளைத் தின்னும் வெட்டுப்புழு, படைப்புழு ஆகியவையும் இச்சோதனையில் வெளிப்படும். வேர்ப்புழு மட்டும் இதற்கு அசையாது. அதனைத் தோண்டித்தான் காணவேண்டும். சிறு சிறு மண்ணுருண்டைகளைக் கண்டு அஞ்சுவோரும் உளர். அவை மண்புழுவின் எச்சம். அதனைக் கொல்வது கூலி பெறாத உழவனைக் கொல்வதாகும்.

குருணையின் கதை

பத்து ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய வேறொரு பங்கில் நடந்தது இது. அடுத்தடுத்த இரு வீடுகள். பிள்ளைகள் ஒன்றாய் விளையாடி, பண்டிகைப் பலகாரம் சுவர்மேல் கைமாறி வளர்ந்த உறவு. ஒரு வீட்டார் தம் புல்தரைக்குக் கடையில் தந்த குருணை மருந்தை அள்ளித் தூவி நீர் பாய்ச்சினர். மறுநாட் காலையில் மைனாக்கள் இரண்டு புல்லில் கிடந்தன. நண்பகலுக்குள் அடுத்த வீட்டுக் கோழிகள் நான்கு செத்தன. விலை கேட்டார் ஒருவர். கோழியை அடைத்து வளர்க்கலாகாதா என்றார் மற்றவர். சொல் தடித்தது. இரு வீட்டுப் பிள்ளைகளும் பேசாதிருக்க ஆணையிடப்பட்டனர். அவர்களை மீண்டும் ஒரு திண்ணையில் அமர்த்த நமக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. அந்நாட்களில் நம் மனத்தை உறுத்தியது கோழிகளின் விலையன்று. முதல்நாள் மாலை அதே புல்லில் வெறுங்காலுடன் ஓடியாடிய பிள்ளைகள் ஐவர்.

பறவை அறியாமற் கொத்துவது குருணை. அது மண்ணோடு கலந்த தானியம்போலத் தோன்றும். ஒரு சில மணிகளே சிறு பறவைக்குப் போதும். நஞ்சுண்ட புழுவைத் தின்ற பறவையும் மடியும். இதற்கு உலகறிந்த சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஜப்பானிய வண்டு என்பது 1916-ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தின் ரிவர்ட்டன் அருகே முதன்முதல் காணப்பட்டது. அதன் புழுவும் புல்வேர் தின்னும் புழுவே. அது மேற்கே பரவியபோது, 1954-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்து ஷெல்டன் பகுதியில் டீல்டிரின் என்னும் நஞ்சை வானூர்தியிலிருந்து பொழிந்தனர். மேலேறி வந்து துடித்த புழுக்களைத் தின்ற பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பண்ணைப் பூனைகளில் பத்தில் ஒன்பது முதற்பருவத்திலேயே அழிந்தன. ரேச்சல் கார்சன் அம்மையார் 1962-இல் வெளியிட்ட ‘சைலண்ட் ஸ்பிரிங்’ என்னும் நூலில் இவற்றை எழுதி உலகின் கண்ணைத் திறந்தார். வண்டோ அழியவில்லை; தொடர்ந்து பரவியது.

நம் நாட்டிலும் பாடம் குறைவில்லை. நம் தந்தையார் காலத்தில் கடலைக் காட்டில் கையால் தூவிய பி.எச்.சி. தூள் 1997-இல் தடைசெய்யப்பட்டது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின் மேல் பல்லாண்டு தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடுத்தது. வேர்ப்புழுவுக்கென்று பேர்பெற்ற ஃபோரேட் குருணையும் 2020 டிசம்பர் இறுதியோடு தடைக்கு உள்ளானது. நேற்று ‘ஒன்றும் செய்யாது’ என்று கையில் கொடுத்ததை இன்று சட்டமே பறித்துக்கொண்டது. ஆகையால் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி, பெயர் எழுதாத பொட்டலத்தில் எதையும் வாங்காதீர்கள். எவ்வகை நஞ்சாயினும் அதனைப் பால்பொடி, காப்பிப்பொடி டப்பாக்களில் மாற்றி வைக்காதீர்கள். தவறிப்போய் யாரேனும் உட்கொண்டால், வாந்தி எடுக்கச் செய்வதில் காலம் போக்காமல், 108-ஐ அழைத்து, மருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு பாட்டனாரின் முடிவு

இப்போதைய பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புதுவீட்டின் முன் தம் பேத்திக்கென்றே கொரியப் புல் பதித்தார். அவள் நடைபழகியது அப்புல்லில்தான். சென்ற ஆண்டு ஆவணியில் நாம் சென்றபோது புல்தரையில் பாதி காய்ந்து கிடந்தது. மாடிப்படியின் கீழே குருணைப் பொட்டலம் ஒன்று இருந்தது. “சாமி, நாளைக் காலையில் தூவிவிடுவேன். இவ்வளவு செலவு செய்து புழுவுக்கா விட்டுக்கொடுப்பது?” என்றார். அவர் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் பதித்த புல் அது. அம்மையார் வாயிற்படியில் நின்று, “பேத்தியை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தூவுங்கள் என்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறார்” என்றார். அனுப்பப்பட்ட குழந்தை மீண்டும் எந்நாள் வரலாம் என்பதை இருவராலும் கூற இயலவில்லை; நம்மாலும் இயலவில்லை.

“சார், தூவுமுன் ஓரடி தோண்டிப் பார்ப்போம்” என்றோம். மண்வெட்டி வந்தது. ஒரு சதுர அடியில் பதினொரு புழுக்கள். புழு இல்லை என்று நாம் சொல்லவில்லை. வழி வேறு உண்டு என்றுதான் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பொட்டலத்தை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவந்தார்.

செய்யத்தக்கவை

அவர் செய்தவற்றையே வரிசையாகக் கூறுகிறோம். காய்ந்த பகுதியைப் பாய்போல் சுருட்டி எடுத்து, முள்கரண்டியால் மண்ணைக் கிளறி, குடும்பத்தார் இரு மாலைகளில் புழுக்களைப் பொறுக்கினர். பழைய டப்பா நிறைந்தது; கோழிகளுக்கு விருந்தாயிற்று. மதிற்சுவரில் வரிசையாக வந்தமர்ந்த காகங்களும் மைனாக்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. புல்லை அவை கொத்திக் கிளறுகின்றன என்று விரட்டுவோர், அவை எதைத் தேடுகின்றன என்பதை எண்ணவேண்டும்.

அடுத்து, மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சணத்தை நன்கு மட்கிய எருவுடன் கலந்து, மாலை வேளையில் ஈரமண்ணில் இட்டனர். இதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே புகும். புழு விறைத்து மடிந்தபின் உடலெங்கும் பச்சை பூக்கும். 1879-இல் ரஷ்ய அறிஞர் மெச்னிக்கோவ் ஒடெஸா நகரில் கோதுமை வண்டின் புழுக்களில் இப்பூஞ்சணத்தைக் கண்டார். அவரே பின்னர் உடலின் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்து 1908-இல் நோபெல் பரிசு பெற்றவர். பூஞ்சணம் விரைந்து வேலை செய்வதன்று. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், மண்ணில் ஈரமும் வேண்டும். பூஞ்சணக் கொல்லி மருந்து எதையும் உடன் இடலாகாது.

புழுவைத் தேடிக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களும் உள்ளன. அவற்றுள் ஹெட்டரோரேப்டிடிஸ் இண்டிகா என்பது நம் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு, 1992-இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இனம். அது வேர்ப்புழுவின் உடலுள் புகுந்து, தன்னிடமுள்ள பாக்டீரியாவை வெளிவிட, புழு இரண்டொரு நாளில் செங்கல் நிறமாகி மடியும். இவ்விரண்டும் கிடைக்கும் இடத்தை அண்மையிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். வாங்கியதை வெயிலில் வைத்தால் உயிர் போய்விடும். நிழலில் வைத்து விரைந்து பயன்படுத்த வேண்டும்.

வேப்பம்புண்ணாக்கைத் தூளாக்கிச் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி வீதம் ஆனி மாதத்தில் இடுவது இளம்புழுவை ஒடுக்கும், புல்லுக்கு உரமுமாகும். மட்காத சாணத்தை மட்டும் புல்தரையில் இடாதீர்கள்; அது வண்டை முட்டையிட அழைப்பதற்கு ஒப்பாகும். புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குல உயரம் விட்டு வெட்டினால் வேர் ஆழ்ந்திறங்கும். ஆழ்ந்த வேர் சிறு சேதத்தைத் தாங்கும்.

எல்லாவற்றிலும் மேலானது வண்டு பிடித்தல். நம் தந்தையார் முதல் மழை பெய்த மாலையில் அரிக்கேன் விளக்குடன் எங்களை வேப்பமரத்தடிக்கு அழைத்துச் செல்வார். கிளையை நீண்ட கழியால் உலுக்குவார். பழுப்பு வண்டுகள் பொலபொலவென உதிரும். பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுவோம். ஒரு பெண்வண்டைப் பிடித்தால் அது இடவிருந்த முட்டைகளெல்லாம் ஒழிந்தன என்பது அவர் கணக்கு. ஆசிரியர் இல்லத்தாரும் இவ்வாண்டு வைகாசியில் அவ்வாறே செய்தனர். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, புல்தரையிலிருந்து தள்ளி, நீர்த்தட்டின் மேல் ஒரு விளக்கைத் தொங்கவிட்டனர். அண்டை வீட்டாரும் சேர்ந்துகொள்ள, நான்கு மாலைகள் தெருவே திரண்டது. ஒரு வீட்டார் மட்டும் செய்தால் பயன் பாதிதான். வண்டு வேலியை மதிப்பதில்லை.

பலன் என்னவென்று கேட்பீர்கள். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. சென்ற ஆண்டு காய்ந்த புல் காய்ந்ததே. மார்கழியில் அதில் ஒரு பகுதிக்குக் கணுத்துண்டுகள் நட்டுப் புதுப்பித்தனர். மற்றொரு பகுதியில் அம்மையார் கேட்காமலே வெண்டை விதைத்துவிட்டார். இவ்வாண்டு ஆவணியில் தோண்டிப் பார்த்தபோது ஒரு சதுர அடியில் இரண்டே புழுக்கள். ஆசிரியர் அவற்றை மீண்டும் மண்ணால் மூடினார். பேத்தி அப்புல்லில்தான் விளையாடுகிறாள்; அவளை ஊருக்கு அனுப்பும் பேச்சு எழவில்லை.

அன்புள்ள குடும்பத்தாரே, புல் நமக்காகவேயன்றி நாம் புல்லுக்காக இல்லை. ஒரு திட்டுப் புல் போனால் மூன்று மாதத்தில் மீண்டும் படரும். அதன்மேல் உருளும் குழந்தைக்கும், அதனைக் கொத்தும் குருவிக்கும், சுவருக்கு அப்பால் வாழும் அயலாருக்கும் நேரும் தீங்கை அத்துணை எளிதில் சரிசெய்ய இயலாது. ஆதலின் பதறாமல் தோண்டுங்கள், எண்ணுங்கள், பின்னர் செயற்படுங்கள். வரும் சித்திரையில் முதல் மழை மண்ணை நனைக்கும் மாலையில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் கையில் ஒரு விளக்கையும் ஒரு பாத்திரத்தையும் கொடுத்து, வேப்பமரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த வீட்டாரையும் கூப்பிட மறவாதீர்கள்.